முதியோர் இல்லத்தில் கவனிப்பு சரியாக இருக்கிறதா? குதிகால் முதல் இரவு ஷிப்ட் வரை, நேரில் போய்ச் சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

"அம்மாவைச் சேர்க்க ஒரு இல்லம் பார்க்கப் போறோம், நீங்களும் கூட வாங்க சிஸ்டர்" என்று இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் என்னை அழைத்துப் போனது. வாசலில் பூச்செடிகள், வரவேற்பறையில் மீன்தொட்டி, சுவரில் சாமி படங்கள், ஏசி. பிள்ளைகளுக்கு இடம் பிடித்துவிட்டது. அவர்கள் கட்டணம் பேசிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் மாடிக்குப் போனேன். மூன்றாவது கட்டிலில் ஒரு பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த அவருடைய இடது குதிகால் கருத்து, தோல் கொப்புளித்திருந்தது. குதிகால் ஒரே நாளில் அப்படி ஆகாது. நாள் கணக்கில் யாரும் அந்தக் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். இறங்கி வந்து, "இந்த இடம் வேண்டாம்" என்றேன்.

அரசு மருத்துவமனை வார்டுகளில் 34 வருடம் செவிலியராக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு தெரிந்தவர்களோடு இப்படி இல்லம் பார்க்கப் போவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் தேடுவது ஒரே ஒருவரைத்தான். அந்த இல்லத்தில் வாய் பேச முடியாமல், தானாகப் புரண்டு படுக்க முடியாமல், பார்க்க யாரும் வராமல் கிடப்பவர் யார், அவர் எப்படி இருக்கிறார்? அவர் நன்றாக இருந்தால் உங்கள் அம்மாவும் நன்றாக இருப்பார். கீழே எழுதியிருப்பதெல்லாம் அவரைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்கான வழிதான்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் 'நர்சிங் ஹோம்' என்றால் சின்னத் தனியார் மருத்துவமனை. அதற்கான சட்டமும் உரிமமும் வேறு. நான் பேசுவது, வயதானவர்களை மாதக் கணக்கில், வருடக் கணக்கில் தங்கவைத்துக் கவனிக்கும் இல்லங்களைப் பற்றி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு 2008 முதல் அரசே 1 முதல் 5 வரை நட்சத்திர மதிப்பீடு கொடுத்து வெளியிடுகிறது. இங்கே நாம் நம்பிப் பார்க்க அப்படி ஒரு பட்டியல் கிடையாது. நம் கண்ணும் மூக்கும்தான் மதிப்பீடு.

படி 1: கிளம்பும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

இல்லத்தைப் பற்றி அல்ல, உங்கள் அப்பாவையோ அம்மாவையோ பற்றி. தானாக நடப்பாரா, பிடித்தால் நடப்பாரா, படுக்கையிலேயேவா? சோறு சாப்பிடுகிறாரா, பிசைந்து கொடுக்க வேண்டுமா, தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறதா? சிறுநீர் தெரிந்து போகிறாரா, டயப்பரா, கதீட்டரா (சிறுநீர்ப்பையில் போடும் குழாய்)? இரவில் எழுந்து நடக்கிற பழக்கம் உண்டா? இன்சுலின் உண்டா? என்ன மருந்து, எத்தனை மணிக்கு? எதற்குப் பயப்படுவார், எதற்குக் கோபப்படுவார்?

நல்ல இல்லமாக இருந்தால் இந்தக் கேள்விகளை அவர்களே உங்களிடம் கேட்பார்கள். அட்வான்ஸ் எவ்வளவு என்பதற்கு முன்பாகவே கேட்பார்கள். எதுவும் கேட்காமல் "எல்லாம் பாத்துக்கலாம் சார், கூட்டிட்டு வாங்க" என்று சொல்கிற இடத்தில் எனக்கு அப்போதே நம்பிக்கை குறைந்துவிடும்.

போனிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பல இல்லங்கள் நடமாட்டம் உள்ளவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். இன்று நடக்கிறவர் நாளை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் வைத்துக்கொள்வார்களா, "கூட்டிட்டுப் போயிடுங்க" என்பார்களா? மறதிநோய் முற்றினால்? ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய்) போட்டால்?

படி 2: எப்போது போவது

சனிக்கிழமை காலை பதினொரு மணி இல்லம் பார்க்க மிக மோசமான நேரம். எல்லோரும் குளித்து, பவுடர் போட்டு, துவைத்த உடையில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த இல்லமும் அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் தடவை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள். காலை ஆறு ஆறரைக்குப் போனால் இரவு எப்படிப் போயிற்று என்பது படுக்கை விரிப்பில் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஊட்டுகிற கைகள் எத்தனை என்று தெரியும். இரவு எட்டு மணிக்கு மேல் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியும். முடிந்தால் தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பணியாளர்கள் ஊருக்குப் போன பிறகு அந்த இல்லம் எப்படி ஓடுகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்க்க முடியும்.

காலை ஆறு மணிக்கு அறைகளுக்குள் விட மாட்டோம் என்று சொன்னால் அது நியாயம். மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் மானம் உண்டு. ஆனால் வரவேற்பறையில் உட்காரவும் விடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பினால், என்ன காரணம் என்று கேளுங்கள்.

படி 3: மூக்கும் காதும்

ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் மலவாடை வந்தால் கவலைப்படாதீர்கள். அவருக்கு இப்போதுதான் போயிருக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். தாழ்வாரம் முழுக்க, சுவரிலும் மெத்தையிலும் ஊறிப்போன மூத்திரவாடை வேறு. அது பல மாதங்களின் கணக்கு. கண்ணைக் கரிக்கிற பினாயில் வாடையும் எனக்கு நல்ல அறிகுறி இல்லை.

பிறகு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். யாராவது "ஆயாம்மா... ஆயாம்மா..." என்று கூப்பிடுவார்கள். கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார்? வந்தவர் எப்படிப் பேசுகிறார்? "என்ன பாட்டி, தண்ணி வேணுமா?" என்பதற்கும் "சும்மா கிட" என்பதற்கும் இடையில்தான் உங்கள் அம்மா இனிமேல் வாழப்போகிறார்.

பல இல்லங்களில் இப்போது பணியாளர்கள் ஒடிசா, அசாம், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வருகிறார்கள். அவர்களில் அருமையாகக் கவனிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் "வலிக்குது", "நெஞ்சு அடைக்குது", "ஒண்ணுக்கு வருது" ஆகியவை அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரவில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

படி 4: படுத்திருப்பவரைப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரின் போர்வையை விலக்கிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. விலக்காமலேயே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

படுக்கைப் புண் வருவது எடை அழுந்துகிற இடங்களில்: முதுகின் கீழ்முனை, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்தலை. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளேயிருந்து அழுகத் தொடங்கும். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் இன்னும் வேகமாக வரும். அதனால்தான் தானாகப் புரள முடியாதவரை பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கச் சொல்கிறோம். நீங்கள் உள்ளே நுழையும்போது ஒருவர் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் பேசி, சமையலறை பார்த்து, இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பி வாருங்கள். அதே பக்கமா? சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையைவிட இது நம்பகமானது. ஏனென்றால் மாலை ஆறு மணிவரைக்கும் முன்கூட்டியே டிக் அடித்துவைத்த அட்டவணைகளை நான் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்திருக்கிறேன்.

குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறார்களா? விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியிருக்கிறதா? மேலே தூக்கிப் படுக்கவைக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து விரிப்போடு தூக்குகிறார்களா, அக்குளில் கைகொடுத்து இழுக்கிறார்களா? இழுத்தால் முதுகுத் தோல் உரியும்.

ஏர் பெட் (மோட்டார் காற்றடிக்கும் மெத்தை) இருக்கிறது என்று பெருமையாகக் காட்டுவார்கள். மோட்டார் ஓடுகிறதா என்று பாருங்கள். பிளக் பிடுங்கிக் கிடக்கும் ஏர் பெட்டுகள் நிறைய உண்டு. அனுமதி கேட்டு, இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை வையுங்கள். இடுப்பெலும்பு கையில் தட்டினால் காற்றுப் போதவில்லை. கரண்ட் போனால் மோட்டார் இன்வெர்ட்டரில் ஓடுமா என்றும் கேளுங்கள். ஏர் பெட்டோ வாட்டர் பெட்டோ இருந்தால் திருப்பிப் படுக்கவைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது தவறு. வட்ட வடிவ ரப்பர் டியூப் மேல் உட்காரவைப்பதும் பழைய, தவறான பழக்கம். அந்த வளையமே சுற்றியுள்ள சதையை அழுத்திவிடும்.

நம் நிறத்துக்கு ஒரு விஷயம் முக்கியம். "தோல் சிவந்தால் புண் ஆரம்பிக்கிறது" என்று புத்தகங்கள் சொல்கின்றன. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ, ஊதா கலந்தோ இருக்கும். தொட்டால் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருக்கும். உங்கள் அம்மாவைப் பார்க்கும்போது கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், புறங்கையால் தடவிப் பாருங்கள்.

பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "இப்ப உங்ககிட்ட எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கு? அதுல இங்க வந்த பிறகு வந்தது எத்தனை?" ஒன்றிரண்டு சொன்னால் பயப்படாதீர்கள். எண்ணிக்கையும் காரணமும் சொல்லத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பது படுக்கைகளை வைத்துக்கொண்டு "எங்ககிட்ட யாருக்கும் வந்ததே இல்லை" என்பவரைத்தான் நான் மேலும் கேள்வி கேட்பேன்.

கதீட்டர் போட்டவர் இருந்தால் பையைப் பாருங்கள். இடுப்பு மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் கிடக்கக் கூடாது. சிறுநீர் தேயிலைத் தண்ணீர் போல இருந்தால் அவருக்குத் தண்ணீர் போதவில்லை என்று சந்தேகப்படுங்கள். எத்தனை பேருக்குக் கதீட்டர், எதற்காக என்றும் கேளுங்கள். டயப்பர் மாற்றும் வேலை மிச்சம் என்பதற்காகக் கதீட்டர் போட்டால் சிறுநீர்த்தொற்றை விலைக்கு வாங்குவதாகும்.

படி 5: சோறும் தண்ணீரும்

மெனு அட்டையைப் படிப்பதைவிட ஒரு வேளை ஊட்டுவதைப் பாருங்கள். ஊட்டுகிறவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டே அடுத்தடுத்த கட்டிலுக்கு ஓடுகிறாரா? சாப்பிடுகிறவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மல்லாந்தவர் வாயில் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும். முதியவர்களின் உயிரைப் பறிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்க வேண்டும். டியூப் வழியே உணவு என்றால் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். டியூப் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகே உணவு செலுத்த வேண்டும். "எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் தெரியாத ஒருவர் கையில் அந்த சிரிஞ்ச் இருக்கக் கூடாது.

மாலைக்கு மேல் தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இரவு டயப்பர் மாற்ற வேண்டாமே என்றுதான். அக்னி நட்சத்திரக் காலத்தில் இது ஆளையே கொன்றுவிடும். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதே குறைவு, கேட்டால்தான் கொடுப்போம் என்று இருந்தால் கேட்கவே மாட்டார்கள். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எடை பார்க்கும் நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது எழுத வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் அதைக் கவலைக்குரிய எடை இழப்பாக எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். 50 கிலோ இருந்த அம்மா ஒரே மாதத்தில் 47.5 ஆகிவிட்டால், "வயசாயிடுச்சுல்ல" என்பது பதில் அல்ல. எழுந்து நிற்க முடியாதவர்களுக்குப் புஜத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதலாம்.

படி 6: மருந்து

ஆளுக்கொரு டப்பா, ஆளுக்கொரு மருந்துத் தாள், கொடுத்த பிறகு கையெழுத்து. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் மருந்து மாறிப்போவது நிச்சயம் நடக்கும். இன்சுலினைப் பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் அல்ல. திறந்த குப்பியில் திறந்த தேதி எழுதியிருக்க வேண்டும். சாப்பாடு தாமதமானாலும் இன்சுலினை மட்டும் நேரத்துக்குப் போட்டுவிடுகிறார்களா? சர்க்கரை 70-க்குக் கீழே போனால் இரவு நேரப் பணியாளர் என்ன செய்வார்? அதை மேலாளரிடம் கேட்காதீர்கள், அந்தப் பணியாளரிடமே கேளுங்கள். டியூப் உள்ளவர்களுக்கு மாத்திரையைப் பொடித்துக் கரைப்பார்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று அட்டையில் போட்டிருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தூக்க மருந்து. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் உள்ள பாதிப் பேர் தலை தொங்கி, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தால், "அமைதியான இடம்" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மறதிநோய் உள்ளவர்கள் இரவில் கத்துகிறார்கள், நடக்கிறார்கள் என்பதற்காக ஹாலோபெரிடால், கியூட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. இந்த வகை மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே புதிய வகை மருந்துகளுக்கும், 2008-ல் ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைக்கும் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த மருத்துவர் எழுதினார், எதற்காக, எத்தனை நாளுக்கு, உங்களிடம் சொன்னார்களா என்று கேளுங்கள். புது மருந்து எது தொடங்கினாலும் அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டும் என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 7: பூட்டும் கயிறும் தீயும்

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். அது முதியோர் இல்லம் இல்லைதான். ஆனால் கட்டிலோடு கட்டிய ஒரு கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வருகிறது.

"டியூபைப் பிடுங்கிடுறார், அதான் கட்டியிருக்கோம்" என்பார்கள். டியூபைப் பிடுங்குகிற கைக்கு உறை போடலாம், பக்கத்தில் உட்காரலாம், டியூப் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கட்டுவதுதான் முதல் வழி என்று ஓர் இல்லம் நினைத்தால், ஆள் போதவில்லை என்று அர்த்தம். நாற்காலியில் துப்பட்டாவால் இடுப்பைச் சுற்றிக் கட்டுவதும் கட்டுவதுதான்.

நம் ஊரில் பெரும்பாலான இல்லங்கள் வீடாகக் கட்டி, பிறகு இல்லமாக மாற்றியவை. ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி, வாசலில் கிரில் கேட், இரவு பத்து மணிக்குப் பூட்டு. அந்தச் சாவி இரவில் யார் இடுப்பில் இருக்கிறது? இரண்டாவது வழி உண்டா? அந்த வழியில் அரிசி மூட்டையும் உடைந்த சக்கர நாற்காலியும் அடைத்துக் கிடக்கின்றனவா? படுத்த படுக்கையாக இருப்பவர்கள் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மாடியில் இருந்தால் லிஃப்ட் ஓடாதபோது எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். தீயணைப்பான் சிவப்பு உருளையில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, தேதி முடியவில்லையா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஆக்ஸிஜன் சிலிண்டருக்குப் பக்கத்தில் விளக்கேற்றும் பூஜை மாடம் இருந்த இடத்தையும் பார்த்திருக்கிறேன். சொன்னவுடன் மாற்றினார்கள்.

படி 8: குளியலறை

உள்ளே போய் நின்று பாருங்கள். கைப்பிடி சுவரில் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் வழுக்கும் பளபள டைல்ஸ் ஆபத்து. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக் கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் திறக்க முடியாது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றும் பழக்கம், ஆளுக்கொரு துண்டு. பொதுத்துண்டு இருக்கிற இடத்தில் ஒருவருக்குச் சிரங்கு வந்தால் எல்லோருக்கும் வரும். விரலிடுக்கில் சொறிந்துகொண்டிருப்பவர்கள் மூன்று நான்கு பேர் கண்ணில் பட்டால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

படி 9: இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்?

"எங்ககிட்ட பதினைந்து ஸ்டாஃப்" என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. அதில் சமையல்காரர், ஓட்டுநர், கணக்கர் எல்லோரும் அடக்கம். கேட்க வேண்டியது, இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர் எத்தனை பேர், அவர்கள் பொறுப்பில் படுக்கை நோயாளிகள் எத்தனை பேர் என்பதுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். படுத்திருப்பவர்கள் 20 பேர். ஒருவரைத் திருப்பி, டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை வைக்கக் குறைந்தது 10 நிமிடம். 20 பேருக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். ஆனால் 2 மணி நேரத்தில் முதல் ஆளிடம் திரும்பி வந்தாக வேண்டும். ஒருவரால் இது முடியவே முடியாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கனமான ஆளைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசமாகும். ஒரு இல்லம் உங்களிடம் சொல்கிற எண்ணை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். அந்த இல்லத்தில் படுக்கைப் புண் வருமா வராதா என்பதைக் காகிதத்திலேயே சொல்லிவிடலாம்.

வெள்ளை உடை போட்டவர்கள் எல்லோரும் செவிலியர் அல்ல. பட்டயமோ பட்டமோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டு, பதிவு எண்ணைப் பாருங்கள்.

பணியாளர்களிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள்? எத்தனை மணி நேர வேலை? எங்கே தூங்குகிறீர்கள்? பார்த்த எல்லோரும் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால், ஏதோ ஒரு காரணத்துக்காக ஆட்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். மாடிப்படிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கி, வாரம் ஏழு நாளும் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிற பெண்ணிடம் நாம் பொறுமையையும் அன்பையும் எதிர்பார்க்கிறோம். பணியாளரை நன்றாக வைத்திருக்கிற இல்லத்தில்தான் பெரியவர்களும் நன்றாக இருப்பார்கள் என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

படி 10: காகிதங்கள்

சமூக நலத் துறையில் பதிவுச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைக் கேட்டுத் தேதி பாருங்கள். மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், நோட்டில் எழுதுகிறாரா என்பதற்குச் சென்ற மாதப் பக்கமே சாட்சி. அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், கூட யார் போவார், உங்களுக்கு எப்போது தகவல் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டணத்துக்கு வெளியே வருபவை எவை என்று படியுங்கள். டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர், ஆம்புலன்ஸ். மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்ட வேண்டுமா? அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும்?

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோரைச் சேர்த்துவிட்டு, பணமும் கட்டாமல் போனையும் எடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டிய பொறுப்பில் உள்ளவர் மூத்த குடிமகனைக் கைவிடும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவது குற்றம். 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லமும் "எங்காவது" என்பதில் அடங்கும்.

படி 11: சேர்த்த பிறகு

உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது. முதல் மாதம் வாரம் இரண்டு தடவையாவது, வேறு வேறு நேரத்தில் போங்கள். சேர்க்கிற அன்றே உடம்பு முழுக்கப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் தழும்பு, புண், எடை எல்லாவற்றையும் எழுதி, இல்லத்துப் பொறுப்பாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இது இருவருக்கும் பாதுகாப்பு.

"நல்லா பாத்துக்குறாங்களாம்மா?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கேன்பா, நீ கவலைப்படாதே" என்றுதான் எந்த அம்மாவும் சொல்வார். பணியாளர் பக்கத்தில் இல்லாதபோது வேறு மாதிரி கேளுங்கள். "நேத்து ராத்திரி தாகம் எடுத்தப்ப யாரைக் கூப்பிட்டே?" "குளிக்க வைக்கிறது யாரு, தண்ணி சூடா இருந்துச்சா?" "பக்கத்துக் கட்டில் பாட்டி எப்படி இருக்காங்க?" தன்னைப் பற்றிச் சொல்லாதவர்கள் பக்கத்துக் கட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை நீங்களே குளிப்பாட்டிவிடுங்கள். அப்பாவாக இருந்தால் மகனோ பேரனோ செய்யலாம். முதுகு, இடுப்பு, குதிகால், விரலிடுக்கு, மார்புக்கடி எல்லாம் கண்ணில் பட இதைவிட இயல்பான வழி இல்லை. புஜத்தின் உட்பக்கத்தில் விரல் பதிந்தது போன்ற கன்றிப்போன தடம், மணிக்கட்டைச் சுற்றிக் கோடு, யாராவது கையைத் தூக்கினாலே சுருங்கிக்கொள்ளும் உடம்பு ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: வீடியோ காலில் முகத்தை மட்டும் பார்த்து வைத்துவிடாதீர்கள். "அம்மாவோட காலைக் காட்டுங்க", "மருந்துத் தாளைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஊரில் சொந்தமோ, பழைய பக்கத்து வீட்டுக்காரரோ ஒருவர் மாதம் இரண்டு தடவை நேரில் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். வந்து பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த கட்டிலுக்குக் கவனிப்பு கூடுவதை வார்டிலும் பார்த்திருக்கிறேன், இல்லங்களிலும் பார்க்கிறேன்.

படி 12: தவறு கண்ணில் பட்டால்

தலை வாராதது, உடை மாறிப்போனது, சாப்பாடு ஆறிப்போனது போன்றவற்றை ஷிப்டில் இருக்கும் சிஸ்டரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். எடை குறைவு, புதிய புண், மருந்து தவறிப்போனது ஆகியவற்றைப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், தேதியோடு. என்ன செய்யப்போகிறார்கள், எந்தத் தேதிக்குள் என்ற பதிலும் எழுத்தில் வர வேண்டும்.

அடித்த தடம், கட்டிவைத்தது, காரணம் சொல்ல முடியாத எலும்பு முறிவு, ஆழமான புண் என்றால் பேச்சுவார்த்தையில் நேரம் போக்காதீர்கள். உங்கள் பெற்றோரின் காயத்தை மட்டும் படம் எடுங்கள், மற்றவர்கள் படத்தில் விழ வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், தேவைப்பட்டால் 108. என்ன காயம், எத்தனை நாள் பழசாக இருக்கலாம் என்று மருத்துவர் எழுதித் தரட்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். மாவட்ட சமூக நல அலுவலருக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567, கட்டணமில்லை, காலை 8 முதல் இரவு 8 வரை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

அங்கிருந்து அழைத்துக்கொண்டு வருவது என்று முடிவெடுத்தால், சண்டை போடுவதற்கு முன்பாகவே மருந்துத் தாள், எடை நோட்டு, மருத்துவர் எழுதிய பக்கங்கள் ஆகியவற்றின் நகலை வாங்கிவிடுங்கள். மிச்ச மருந்தையும் எண்ணி வாங்குங்கள். அடுத்த இல்லத்திலோ வீட்டிலோ அன்றைக்கு ராத்திரி மருந்து கொடுக்கப்போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.